ஹாரன் அக்காவும் உள்மடிப்பும்

மார்ச் 2 – மூன்று.
மார்ச் 3 – இரண்டு.
மார்ச் 4, விடுமுறை – இல்லை.
மார்ச் 5 – நான்கு.
கூட்டுத்தொகை – ஒன்பது.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் மலம் கசிந்து உள்ளாடை மாற்றிய தடவைகள் இவை. அவர் சிரித்தால் பணிமனையின் மறுகோடிக்குக் கேட்கும். ஆகவே எல்லோருக்கும் ஹாரன் அக்கா. குறித்து வைத்தவர் அவர் கணவர், வீடு வீடாக மின்மீட்டர் பார்ப்பவர்.

சிரித்தால் கசிந்துவிடுமோ என்று அக்கா இரண்டு மாதமாக வாய்விட்டுச் சிரிக்கவே இல்லை. இரண்டரை மணி நேரம் நிற்காமல் ஓடும் மலைத்தடத்தைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர், அதை விட்டுவிட்டு அலுவலக வேலை கேட்டு மனுவும் கொடுத்துவிட்டார். மேலிடத்து முடிவு வரும்வரை டிக்கெட் கவுண்டர்.

“பிரேக் தேஞ்சு போச்சுங்க. அம்பத்திரண்டு வயசு வண்டி,” என்றார் கணவரிடம்.

அவர் நோட்டைப் புரட்டினார். “தேஞ்ச பிரேக் லீவு நாள்ல மட்டும் எப்படிம்மா பிடிக்குது? கசியறதெல்லாம் நீ கக்கூஸ் போய்ட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள. பாரு.”

அந்த நோட்டை மருத்துவரும் பார்த்தார். “வேலை நாள் காலையில என்னம்மா பண்ணுவீங்க?”

“வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தமா காலி பண்ணிக்கணும்ல டாக்டர்? அரை மணி நேரம் முக்குவேன். அப்பவும் பாதி உள்ளேயே நிக்கற மாதிரி இருக்கும். இன்னும் முக்குவேன். கவுண்டருக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகல.”

உட்கார்ந்து மலம் கழிக்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் குட்டு வெளிப்பட்டது.

“மலக்குடல் தனக்குள்ளேயே மடிஞ்சு இறங்குது, அவசரமா கழட்டின சட்டைக் கை மாதிரி,” என்றார் மருத்துவர். “வெளிய தெரியாது. மடிப்பு வழியை அடைக்கறதால கொஞ்சம் தங்கிடுது. நீங்க முக்க முக்க அது இன்னும் இறங்கி வாசல் தசையைத் தளர்த்திடுது. எழுந்து நடந்ததும் தங்கினது கசியுது.”

“அப்ப பாதி நிக்கற மாதிரி இருந்தது?”

“பல நேரம் அந்த மடிப்புதான்.”

“அடிப்பாவி!” என்றார் கணவர். “இல்லாத பயணியை இறங்கு இறங்குன்னு விரட்டியிருக்கியே!”

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் ஓடி வந்தார். சிரித்து ஓய்ந்ததும் அக்கா ஒரு கணம் அசையாமல் இருந்தார்.

“நோட்டுல ஒண்ணு போட்டுக்கோங்க.”

ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, முக்கக் கூடாது. காலடியில் சிறு முக்காலி, நார்ச்சத்து, இடுப்பின் அடித்தசைக்குப் பயிற்சி. அதற்கும் அடங்காவிட்டால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு என்றார் மருத்துவர். முதல் வாரம் அரைகுறையாக எழுந்து வருவது அக்காவுக்கு நரகமாக இருந்தது. கணவர் கதவுக்கு வெளியே நின்று விசில் ஊதினார். “போலாம் ரைட்!”

ஏப்ரல் – பதினேழு. மே – ஆறு. ஜூன் – இரண்டு. அதில் ஒன்று சிரித்ததால்.

அக்கா மருத்துவச் சான்றுடன் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். மலைத்தடத்துக்கே திரும்பும்படி மேலிடத்து முடிவு வந்த நாள், ஜூலை 8.