டாமியும் ஐந்து கட்டைச் சுருதியும்

என் கணவருக்கு ஐம்பத்தாறு வயதில் நாய் வளர்க்க ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் காசி, ராமேஸ்வரம் என்று ஏதாவது ஆசை வரும். இவர் ஒரு நாள் ஆபீசிலிருந்து மஞ்சள் பையோடு வந்தார். நங்கநல்லூரில் இவருடைய சிநேகிதர் ஒருவர் தோட்டத்தில் வெண்டைக்காய் போட்டிருக்கிறார், அவ்வப்போது கொடுத்தனுப்புவார். அதுதான் என்று நினைத்துப் பைக்குள் கையை விட்டேன். வெண்டைக்காய் என் விரலைக் கடித்தது.

பொமரேனியன் என்றார். சிநேகிதர் வீட்டில் நாலு குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்றைக் கொடுத்தபோது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று என்னையே கேட்டார். வாய் இருக்கிறவர்கள் எல்லோரும் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் என்றேன். பைரவர் தானாக வந்தால் விரட்டக் கூடாது என்று உடனே சாஸ்திரம் பேசினார். பைரவர் எங்கே தானாக வந்தார்? டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் வந்திருந்தார்.

எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில், மந்தைவெளி பஸ் டிப்போவிலிருந்து நடக்கிற தூரம். பழைய ஃபிளாட், முதல் மாடி. பெண் ஸ்ரீரஞ்சனி கல்யாணமாகிப் பரோடா போய்விட்டாள். நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன், ஜெயலக்ஷ்மி டீச்சர் என்றால் தெருவில் தெரியும். இவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு என்றாலும் ஆபீஸ் முதற்கொண்டு எல்லோருக்கும் இவர் அம்பிதான். எனக்கு மட்டும் 'ஏன்னா'. சங்கீதத்துக்கும் இவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சுருதிப் பெட்டி 'ம்ம்' என்றதும் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். கல்யாணமான மறு வாரத்திலிருந்து இதே வழக்கம். நான் பாடி முடிக்கும்போது காய்கறியோடு திரும்புவார். நாங்கள் நல்ல கத்தரிக்காயாகச் சாப்பிட்டு வந்ததற்குக் காரணம் என் சாதகம்தான்.

குட்டிக்கு டாமி என்று பெயர் வைத்தார். கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவரின் கற்பனை அதற்கு மேல் போகவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் தேவானை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னா மாமி, இதுவா பொம்ரேனியன்? எங்க தெருவுல இதே மாரி நாலு சுத்திக்கினு கீது."

அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. வெள்ளைப் பஞ்சாக வளரும் என்று இவர் சொன்ன குட்டி, ஒரே மாதத்தில் காலும் வாலும் நீண்டு செங்கல் நிறத்துக்கு வந்தது. கொண்டு வந்தவர் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவார். அதன் பிறகு சாயந்தரம் வரை அது என் நாய். மூங்கிலில் உலர்த்திய மடிப்புடவையின் நுனி தரையை எட்டினால் போதும், புடவை முழுதும் கூடத்தில் கிடக்கும். பாட்டுக் குழந்தைகள் உட்காரும் ஜமக்காளத்தில் ஒரு மூலை இப்போது இல்லை. கோலமாவு டப்பாவைக் கவிழ்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே என் பூஜை அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தயிர்சாதம் போட்டால் தட்டைக் கவிழ்த்துவிட்டுத் தரையிலிருந்து சாப்பிடும். தண்ணீர் லாரி வருகிற சமயம் பார்த்துக் கதவிடுக்கில் ஓடும். நான் குடத்தைப் பிடிப்பதா, நாயைப் பிடிப்பதா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். எங்கள் ஆண்டி ஊதிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொள்வதில் என் மாணவர்கள் யாரும் அதன் கிட்டே வர முடியாது. பழைய பேப்பரை விரித்து அதில்தான் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று இவர் பழக்கினார். நாலே நாளில் பழகிவிட்டது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இவர் அன்றைய பேப்பரைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்து, ஆற அமரப் படித்துக்கொண்டிருந்தார். டாமி நடந்து வந்தது. பேப்பர் என்றால் பேப்பர்தானே, அதற்குப் பழையது புதியது தெரியுமா? இவர் தலையங்கத்தை அன்றைக்குப் படித்து முடிக்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் காலையில் நான் தி.நகரில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். பிரதோஷத்துக்குக் கபாலி கோயில். குட்டியைத் தனியாக விட்டுப் போனால் பயப்படுமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அதற்குத் தெரிந்த ஒரே சங்கீதம் சுருதிப் பெட்டி. வந்த புதிதில் வகுப்பு நடக்கும்போது அந்தச் சத்தத்தில்தான் என் காலடியில் சுருண்டு தூங்கும். அதனால் வெளியே கிளம்பும்போது பெட்டியைப் போட்டு, என் சுருதியான ஐந்து கட்டையில் ஓடவிட்டு, கதவைப் பூட்டினேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி அதற்கு ஒரு தைரியம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். சமத்து என்று தடவிக் கொடுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சபாவிலிருந்து போன் வந்தது. பெரிய சபா இல்லை. மார்கழியில் ஒரு பகல் கச்சேரி, ஒரு மணி நேரம், பாட இருந்தவர் ஊருக்குப் போகிறார், நீங்கள் பாடுகிறீர்களா என்று செயலாளர் கேட்டார். நான் மேடையேறிப் பாடியதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு நலங்கு, நவராத்திரி, யார் வீட்டிலாவது சுமங்கலிப் பிரார்த்தனை. சொல்லிக் கொடுத்த குழந்தைகள் மேடையேறினார்கள், நான் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் பழைய பாட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். வருத்தம் இருந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும், சரியாகப் பாட வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு உட்கார்ந்து பெட்டியைப் போட்டேன். ஷட்ஜம் பிடிப்பதற்குள், சில நாளாகப் பெட்டி கேட்டால் முனகிக்கொண்டு மட்டும் இருந்த டாமி எழுந்து நின்று, முகத்தைக் கூரைக்குத் தூக்கி, ஊளையிட்டது. குரைப்பது வேறு. இது வயிற்றிலிருந்து வருகிற அழுகை. நான் நிறுத்தினேன், அதுவும் நிறுத்தியது. போட்டேன், ஆரம்பித்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் வாசலிலிருந்து, நாய்க்கு ஞானம் இருக்கிறது என்றார். அவர்மேல் எறிய என் கையில் ஒன்றும் அகப்படவில்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் இதே கூத்து. மொட்டை மாடியில் கட்டினேன், அங்கிருந்து அழுதது. சமையலறையில் பூட்டினேன், கதவைப் பிறாண்டியது. பெட்டி இல்லாமல் பாடிப் பார்த்தேன், இரண்டாவது கீர்த்தனையில் நானே சுருதியை விட்டு எங்கோ போயிருந்தேன். வகுப்பில் குழந்தைகள் சரளி வரிசையை விட்டுவிட்டு டாமி எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தார்கள். என்னிடம் படிக்கும் ஸஹானாவின் அம்மா, பரீட்சை வருகிறது மாமி, கொஞ்ச நாள் பாட்டை நிறுத்தி வைக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னாள். ஐப்பசியில் ஏது பரீட்சை? தீபாவளி முடிந்த கையோடு நான் இவரிடம் கட் அண்டு ரைட்டாகச் சொல்லிவிட்டேன்.

"ஏன்னா, ஒண்ணு இந்த நாய் நங்கநல்லூருக்குத் திரும்பிப் போகணும். இல்லேன்னா நான் சபாவுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்கோ."

டாமி இவருடைய கால் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. குனிந்து அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கொண்டு போய் விட்டுவிடுகிறேன் என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கும் நன்றாக இல்லை. ஆனால் நான் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

சனிக்கிழமை கீழ் வீட்டு அஸ்மத்துன்னிசா மாடிக்கு வந்தாள். அவள் கணவர் ஷரஃபுதீனுக்குத் திருவல்லிக்கேணியில் மூக்குக்கண்ணாடிக் கடை. பத்து வருஷமாகக் கீழே இருக்கிறார்கள், அவள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் என் வீட்டிலும் என் வீட்டு மைசூர்பாகு அவள் வீட்டிலும் இருக்கும். நாயைக் கொண்டு விடப்போகிறோம், இத்தனை நாள் அதன் ஊளையைப் பொறுத்துக்கொள்ள வேண்டி வந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் மாமி. நாய்னாலே எங்களுக்குப் பிடிக்காது, அதான் சொல்றேன்னு நீங்க நினைச்சுக்குவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன். நீங்க காலையில பாடறப்ப அது அழறதைச் சொல்லலை. நீங்க பூட்டிட்டுப் போறப்ப அழறதைச் சொல்றேன். மேல அந்தப் பொட்டி ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அதுவும் அழுதுக்கிட்டே இருக்கும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திரும்பிப் பூஜை அலமாரிக்கு அடியில் படுத்திருந்த டாமியைப் பார்த்தேன். பேப்பர் என்றால் ஒன்றுக்குப் போவது. சுருதிப் பெட்டி என்றால் எல்லோரும் விட்டுவிட்டுப் போவது. நானே வாரத்துக்கு மூன்று நாள், பிரதோஷம் தவறாமல், உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் பாட உட்கார்ந்த ஒவ்வொரு காலையும் அந்தக் குட்டி, இவளும் போகப்போகிறாள் என்று அழுதிருக்கிறது. போதாததற்கு இவர் வேறு பெட்டி சத்தம் கேட்டதும் அதன் கண்ணெதிரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அதற்குச் சந்தேகமே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் மஞ்சள் பையை எடுத்து உதறினார். டாமி இப்போது அதில் பாதிகூட நுழையாது. பையை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கதானே கொண்டு வந்தேள்? நான் பாடி முடிக்கிற வரைக்கும் இதைப் பக்கத்துல வெச்சுண்டு, தடவிக் குடுத்துண்டு, நீங்க இங்கேயே உக்காரணும்."

"முழுக்கவா?" என்று கேட்டார்.

முழுக்கத்தான் என்றேன்.

முதல் வாரம் நரகம். நான் பெட்டியைப் போடுவேன், டாமி அழும், இவர் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தலையிலிருந்து வால் வரை தடவுவார், மேரி பிஸ்கட்டை விண்டு விண்டு கொடுப்பார். நடுவில் கால் மரத்துவிட்டது என்பார். காபி உண்டா என்று ஜாடையில் கேட்பார். ராகம் இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரு நாள் கேட்டார், நான் பார்த்த பார்வையில் திரும்பக் கேட்கவில்லை. வெளியே போகும்போது இப்போது பெட்டியைப் போடுவதில்லை, ரேடியோவை வைத்துவிட்டுப் போனேன். அதற்கப்புறம் ஊளை முனகலாயிற்று. முனகல் பெருமூச்சாயிற்று. கார்த்திகைத் தீபம் வந்தபோது நான் ஆலாபனையை முடிப்பதற்குள் டாமி தூங்கியிருந்தது. சில நாள் இவரும் தூங்கியிருந்தார், கை மட்டும் தடவிக்கொண்டே இருக்கும். காய்கறிதான் வாடல் வாடலாக வந்தது. ஆபீஸ் முடிந்து வருகிற வழியில் அகப்பட்டதை வாங்கினால் அப்படித்தான் இருக்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது, குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அந்தக் காம்போதியை ஏன் இன்னிக்குப் பாடலை?"

மோர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மனுஷன் வாயில் ஒரு ராகத்தின் பெயர் வந்து நான் கேட்டதில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, நாளைக்குப் பாடுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அப்பளம் நமுத்துப் போயிருக்கிறது என்றார்.

கச்சேரி அன்று தேவானை சீக்கிரமே வந்துவிட்டாள். டாமியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நீ போ மாமி, நான் பாத்துக்கினு இருக்கேன் என்றாள். சுருதிப் பெட்டி என்னோடு வந்துவிட்டதால் அங்கே அழுவதற்கு ஒன்றும் இல்லை. என் சால்வையையும் வெந்நீர் பிளாஸ்கையும் இவர் அதே மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பகல் கச்சேரிக்கு என்ன கூட்டம் இருக்கும்? என் மாணவர்கள், அவர்களின் அம்மாக்கள், கேண்டீன் சாப்பாட்டுக்கு முன்னால் மின்விசிறிக்கு அடியில் ஒதுங்கிய சிலர். இவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பயத்தில் எனக்கு முதல் அடியே மறந்த மாதிரி இருந்தது. பெட்டியைப் போட்டேன்.

ம்ம் என்று சுருதி கிளம்பியதும் இவருடைய கை எழுந்தது. மடியில் இருந்த மஞ்சள் பையை மேலிருந்து கீழ் வரை மெதுவாகத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பயம் போயிற்று, வர்ணத்தை எடுத்தேன்.

காம்போதிக்குப் பிறகு மிருதங்கத் தனி ஆரம்பித்தது. அது கேண்டீனுக்குப் போகிற நேரம். சாம்பார் வாசனை உள்ளேயே வந்துவிட்டது. முன் வரிசை எழுந்தது, இவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், வழி விட இவர் காலை மடக்கிக்கொண்டார். சுருதி கேட்டாலே செருப்பைத் தேடுகிறவர், பதினொரு மணிக் காபியைக்கூடக் குடிக்காமல் வந்தவர், எழுந்திருக்கவில்லை. கை பையின் மேலேயே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். தனி முடிந்து நான் பல்லவியை எடுக்க வேண்டிய இடத்தில் அரைத் தாளம் தள்ளி எடுத்தேன். மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பிசகு நாயால் வந்தது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.