கல் அசையாத கோயில்

இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்து அந்தக் கிராமத்தில் ரெஜ் தர்லோவுக்குச் சொந்தம் இரண்டு: மனைவி எனிட், அப்புறம் எண்ணூறு வருடத்துக் கிறிஸ்தவக் கோயில். இதில் யாரை அவர் கட்டிக்கொண்டார் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

கோயில் நிர்வாகி என்பதால் வருகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திக்கொள்வார். "இந்தத் தெற்குப் பக்கம் முதல்ல முழுச் சுவரா இருந்தது. இடம் பத்தலைன்னு கட்டினவங்களோட பேரப்பசங்க அதை இடிச்சுட்டுத் தூண் வச்சாங்க. அவங்க பேரப்பசங்க கூரையைப் பிச்சு ஒசத்தினாங்க. குளிரடிக்குதுன்னு வடக்கு வாசலைக் கல் வச்சு அடைச்சுட்டாங்க. என்ன துணிச்சல் பாருங்க!"

அந்த வடக்கு வாசலைத் திறந்து வெளியே ஒரு கழிப்பறை கட்டலாமே என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் மனிதர் துள்ளிக் குதிப்பார். "ஒரு கல்லை அசைக்க விடமாட்டேன்!"

வாயெடுத்தவர்களில் எனிட்டும் ஒருத்தி. பிரசங்கம் முடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

"உன் கல்லுக்கு இருக்கற மரியாதை என் மூத்திரப்பைக்குக் கிடையாதா, ரெஜ்?"

"அந்தக் காலத்துல மணிக்கணக்கா நின்னுக்கிட்டே பூசை பார்த்தாங்க, எனிட்."

"அவங்கள்ல எத்தனை பேருடா என் வயசு வரைக்கும் இருந்தாங்க, மடையா?"

அதோடு அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறுதோறும் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு வானொலியில் ஆராதனை கேட்டாள். ரெஜ் அதைத் தன் வெற்றியாக நினைக்கவில்லை. அதைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பல வருடம் கழித்து அவள் கோயிலுக்குள் வந்தது பெட்டியில். போதகர் பிலிப்பா அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து ரெஜுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் துக்கம் தாளாமல் எழுந்து போகிறார் என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரோ வடக்குப் பக்கம், அடைத்த வாசலுக்கு வெளியே செந்தட்டிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். உள்ளே திடீரென்று கூட்டம் சிரித்தது. எனிட் சொன்ன எதையோ போதகர் சொல்லியிருக்க வேண்டும். கல் கனமானது, உள்ளே சொன்ன வார்த்தை ஒன்றும் வெளியே கேட்கவில்லை. அந்தக் கல்லில் காதை ஒட்டி வைத்துப் பார்த்தார்.

மறுமாதமே திருச்சபை மேலிடத்து அதிகாரியைத் தானே வரவழைத்து, வாசலைத் திறக்கச் சொன்னார். அந்த அம்மாள் சுவரை அன்போடு தடவிப் பார்த்தாள்.

"தர்லோ சார், போன தடவை இந்த வாசலைத் திறக்கலாம்னு நாங்க வந்தப்ப வேண்டாம்னு நீங்க பேசினீங்களே, அதுலதான் எங்க ஆளுங்க மனசு மாறினாங்க. அத்தனையும் நியாயம். ஒரு கல்லும் அசையக் கூடாது."

"அது என் பொண்டாட்டி உயிரோட இருந்தப்ப பேசினதும்மா."

"வாசல் அதே வாசல்தானே, சார்?"

இப்போது ஞாயிறுகளில் ரெஜ் எனிட்டின் நாற்காலியில் உட்கார்ந்து வானொலியில் ஆராதனை கேட்கிறார். கழிப்பறை நாலு எட்டில் இருக்கிறது. கோயில் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு எதற்குச் சிரித்தார்கள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் எங்கே நின்றிருந்தார் என்று சொல்ல வேண்டிவரும்; அவர் அழப் போனதாகத்தானே எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.