காலியாகப் போன டப்பா

எதைப் பார்த்தாலும் அது எத்தனை நாளில் கெட்டுப்போகும் என்று யோசிப்பதுதான் என் உத்தியோகம். மைசூரில் ஒரு ஊறுகாய்க் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வெகுநாளாக வேலை. பாட்டில்களை அலமாரியில் அடுக்கி, வாரா வாரம் திறந்து, நிறம் மாறியதா, பூசணம் பிடித்ததா என்று எழுதி வைக்க வேண்டும். இந்தப் புத்தி கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. முதல் கல்யாணத்தை யோசிக்காமல் செய்துகொண்டேன், நான்கே வருடத்தில் முறிந்தது. அப்போது யோசிக்காததற்கும் சேர்த்து அப்புறம் எட்டு வருடம் தனிப் பெண்ணாக இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டில் கொள்ளேகால்காரர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி தவறிப்போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. சங்கராந்தி அன்று எங்கள் ஊரில் எள், வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதையே பேசுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். பெண்கள்தான் தட்டேந்தி வருவார்கள். இவர் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றார்.

"வூட்டுல பொம்பளைங்க இல்லீங்க. அதான் நானே கொண்டாந்துட்டனுங்க" என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

பண்டம் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக் கொடுத்தேன். அது பிதுக்கிய அவரைக்கொட்டைக் குழம்போடு திரும்பி வந்தது. நான் புளியோதரை வைத்தேன், அவர் முறுக்கு வைத்தார். மூடியில் சின்ன நெளிசல் உள்ள அந்த டப்பா இப்படியே நாலைந்து மாதம் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு முகம் மலர்ந்துவிடும். அதை நானே கண்டுபிடித்தபோது கொஞ்சம் திக்கென்றது.

ஒருநாள் டப்பாவைத் திறந்தால் சாப்பிட ஒன்றும் இல்லை. முழுக்க மல்லிகை. "செடியில நெறையாப் பூத்துதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெங்களூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுப் புலம்பினேன். செடியில் பூத்தால் சாமிக்குப் போடக் கூடாதா? தெருவில் வேறு வீடே இல்லையா? நாளைக்கு ஒத்துவராமல் போனால் எதிரெதிர் வீட்டில் எப்படி முகத்தில் முழிப்பது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் பாதிக் கன்னடத்தில் சொன்னாள்: "அக்கா, ஸ்வல்ப சும்னே இரு, கொஞ்சம் சும்மா இரு. அவரையும் அலமாரியில வெச்சு வாரா வாரம் தெறந்து பாக்கப் போறியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது. மறுநாள் டப்பாவைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். அவர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஒன்றும் வைக்காமல், ஒரு பையில் போட்டு அவர் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். என் ஜன்மத்தில் அன்றுதான் ஒரு பாத்திரத்தை வெறுமனே திருப்பினேன். இதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை, அவருக்கே புரியும் என்று நினைத்தேன்.

மூன்று நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை. மனம் புண்பட்டிருக்குமா? கோபமாக இருப்பாரா? வீட்டையே மாற்றிவிடுவாரா? ஒன்றையும் விடாமல் யோசித்தேன். அந்த மூன்று நாளும் அவர் குரலைக் கேட்காமல் வீடே பிடிக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் மணி அடித்தது. துண்டில் சுற்றிய அதே டப்பாவோடு நின்றார். மிளகு ரசத்தின் வாசனை அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா? டப்பா வெறுமனே வந்துச்சுங்க. அடுப்புப் பத்த வெக்கக்கூட முடியாமப் படுத்துட்டீங்களோன்னு மூணு நாளா ஒரே ரோசனைங்க."

எத்தனையோ யோசித்தேனே, இது ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று தெரியும்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சு. அந்த பயத்துலதான் காலியா கொடுத்தேன்."

அவர் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நானும் பூவ வெச்சுப்போட்டு, தப்புப் பண்ணிட்டமோன்னு ரெண்டு நாளு சரியாச் சோறுண்ணலீங்க" என்றார்.

"உள்ள வாங்க. சாதம் வெக்கறேன்."

ரசம் எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். போகும்போது அவர் டப்பாவைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.