தையல்காரருக்குக் கட்டில் ஏறிய கதை

ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில், விழுங்கப் பயிற்சி தரும் அவளுக்குத் 'தொண்டைக்காரம்மா' என்றுதான் பெயர். வயதானவர்களுக்கு விழுங்கச் சிரமம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் சாப்பிடும்போதும் அவள் கண் எதிரே இருப்பவரின் தொண்டையில்தான் இருக்கும். "என் மூஞ்சியை எப்பத்தான் பாக்கப்போற?" என்பார் கணவர்.

அன்று அவளிடம் வந்தவர் வயதான தையல்காரர். பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்தார். ஆனால் சாப்பிட ஆரம்பித்தாலே புரையேறி, பாதியில் தட்டைத் தள்ளிவிடுவார். நாளைக்கும் இப்படியே என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்கு உறக்கமே இல்லை.

அவள் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, குரல்வளையில் விரல் வைத்து, கரண்டியால் தண்ணீர் கொடுத்தாள். குரல்வளை மேலேறி இறங்கியது.

"ஆ சொல்லுங்க ஐயா."

"ஆ..." குரலில் களகளப்பு இல்லை; தண்ணீர் தொண்டையில் தேங்கவில்லை. மசித்த பழமும் மெதுவாக, ஆனால் ஒழுங்காக இறங்கியது. பிறகு எங்கிருந்து வருகிறது அந்த இருமல்?

மதியச் சாப்பாடு வரும்வரை அங்கேயே இருந்தாள். ஊட்டியது அவர் மனைவி. முழங்கால் மடங்காததால் நின்றபடியே ஊட்டினார். நோயாளிகள் கீழே விழுந்துவிடக் கூடாதென்று கட்டில்களை எப்போதும் தாழ்த்தியே வைப்பது அந்த வார்டின் வழக்கம். மேலிருந்து கரண்டி வர, கிழவர் குருவிக்குஞ்சு மாதிரி அண்ணாந்து வாயைத் திறந்தார். உடனே புரையேறியது.

"அம்மா, அண்ணாந்து முழுங்கினா மூச்சுக்குழல் பக்கம் போயிடும். முகத்தை நேரா வச்சு, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தணும்."

"நல்லா இருக்கே! கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து துணியை விட்டுத் தலையைத் தூக்காத மனுஷன். இப்பத்தான் என்னை நிமிர்ந்து பாக்குறாரு, அதுவும் கூடாதா?"

கிழவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வாயில சோத்தை வச்சுக்கிட்டுச் சிரிக்காதீங்க ஐயா!" என்று அதட்டிவிட்டு, அவள் கால்மாட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். கட்டில் மெல்ல உயர்ந்தது.

"மெதுவாம்மா, நூல் அறுந்துடப்போகுது" என்றார் தையல்காரர், அவள் சுற்றுவது தையல் மெஷின் சக்கரம் என்பதுபோல.

நர்ஸ் ஓடிவந்தார். "ஏத்தாதீங்க! விழுந்தா யாரு பொறுப்பு?"

"சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நான் பக்கத்துலயே நிக்குறேன். முடிஞ்சதும் இறக்கிடலாம்."

இப்போது இரண்டு முகங்களும் ஒரே உயரத்தில் இருந்தன. கரண்டி நேராக வாய்க்கு வந்தது. ஒரு வாய் இறங்கியது, இருமல் இல்லை. அடுத்ததும் அப்படியே.

மறுநாள் டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். கிழவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி மென்று மென்று விழுங்கினார். தட்டு காலியானது.

"குழாய் வேண்டாம்" என்றார் டாக்டர்.

"அப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க!" என்றார் தையல்காரர். குரல் கணீரென்றிருந்தது.

மனைவி அப்போதே தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.