ஐந்தாம் மாடியும் என் சீனியும்

சென்ற கிழமை ரத்த ரிப்போர்ட்டோடு டொக்டருக்கு முன்னால் இருந்தேன். மனுஷன் தாளைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"என்ன செய்தனீங்கள்? சீனி நல்லா இறங்கியிருக்கு!"

என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே! வயிறு அப்படியேதான் இருக்கிறது. சாப்பாட்டிலும் எதையும் குறைக்கவில்லை... காலி வீதிக் கடை ரோல்ஸ் உட்பட.

முதல் தடவை போனபோதும் இதே குழப்பம்தான். "சீனி வருத்தம் இன்னும் உள்ளுக்கு வரேல்லை, படலையடியில நிக்குது. அடுத்த ரிப்போர்ட்டும் இப்பிடியெண்டா குளிசை விழுங்க வேண்டியதுதான்" என்றார். எனக்குக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது. சீனியைக் கவனிக்காமல் விட்டு, இப்போது ஒரு பாதம் இல்லாமல் கட்டிலோடு இருக்கிறார். பொய் சொல்லவில்லை, நன்றாகவே பயந்துபோனேன்.

"எனக்கு இன்சுலின் குறைவோ, டொக்டர்?"

"இல்லை. கூட."

கூடவா? இன்சுலின் கூடுதலாக இருந்தால் சீனி ஏன் ஏறுகிறது?

"உடம்பு பருத்து, தசைக்குள்ளயும் கொழுப்பு ஏறிட்டு. சீனியை எடு எண்டு இன்சுலின் சொல்லுது, தசை கேக்குதில்லை. அதாலதான் உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்குது."

உங்களுக்கு விளங்குகிறதா? எனக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமையே வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் லிஃப்ட் பழுதாகிவிட்டது. நாங்கள் ஐந்தாம் மாடி. மனைவிக்கு முழங்கால் வருத்தம் — அவள் கீழே இறங்குவதே நின்றுபோனது. மரக்கறி, மீன், அரிசி, தண்ணீர்ப் போத்தல்... எல்லாம் என் தோளில்! ஃப்ளாட் கமிட்டிச் செயலாளரும் நான்தான். லிஃப்ட் கொம்பனிக்காரரோடு மாதக்கணக்கில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சண்டை பிடித்தேன். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, அவர்களைத் திட்டிவிட்டுத்தான் அடுத்த மாடி ஏறினேன்.

சென்ற கிழமை இதைச் சொன்னதும் டொக்டர் சிரித்தார்.

"அதுதான் சங்கதி! வேலை செய்யிற தசை இன்சுலினைப் பார்த்துக்கொண்டு நிக்காது. தானாவே சீனியை எடுக்கும். பிறகு கொஞ்ச நேரத்துக்கு இன்சுலின்ர சொல்லையும் கேக்கும். ஏறுறதை விட்டுடாதேங்கோ."

அப்படியானால் நான் இவ்வளவு நாளும் திட்டியது யாரை?

வீட்டுக்கு வந்தால்... லிஃப்ட் ஓடுகிறது! வட்ஸ்அப் குழுவில் எனக்கு நன்றி மேல் நன்றி. எத்தனையோ நாளுக்குப் பிறகு மனைவி கீழே வந்து, கடற்காற்றில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்க்கச் சந்தோஷம். அடுத்த ரிப்போர்ட்டை நினைக்கக் கவலை. லிஃப்ட் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? எதற்கென்று நான் வேண்டிக்கொள்வது?

டொக்டர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே அவளோடு லிஃப்டுக்குள் காலை வைத்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்கள் படியால வாங்கோ."

"களைச்சுப்போய் வாறனப்பா... நாளைக்குத் தொடங்குவம்."

"என்ர முழங்கால் இப்பிடி. உங்கட காலும் போச்செண்டா, ஆரை ஆர் பிடிச்சு நடக்கிறது?"

அவளே பொத்தானை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. நான் ஏறத் தொடங்கினேன்.

இந்தச் சீனி விஷயத்தில் எனக்கு முழுசாக விளங்கிய விளக்கம் அவள் சொன்ன அது ஒன்றுதான்.