மிதிக்க மாட்டேன் என்று நின்ற நாள்

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், கீழே விழுந்து கிடந்த என் வீட்டுக்காரர், என் மாமியார், வீட்டுக்காரரின் அண்ணன், எதிர்வீட்டு அக்கா. ஐந்தே பேர். ‘நானும் அங்கதான் இருந்தேன்’ என்று பிற்பாடு பாதி ஊர் சொல்லிக்கொண்டது. அவர்களெல்லாம் லாரி வந்த பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மிதி என்று என்னை நெருக்கியவர்கள் மூன்று பேர். மாட்டேன் என்றவள் நான் ஒருத்தி.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மாற்றிவிடலாம் என்று தானே கூரை மேல் ஏறினார். அவருடைய அண்ணன் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு சட்டம் உளுத்துப் போயிருந்தது யாருக்கும் தெரியாது. கால் வைத்ததும் அது முறிந்தது. மல்லாந்து விழுந்தவரின் முதுகு, துணி துவைக்கிற கல்லின் விளிம்பில் பட்டது.

என்னை ஏன் மிதிக்கச் சொன்னார்கள் என்று சொல்ல வேண்டும். பிறக்கும்போது எனக்குத் தலை முதலில் வரவில்லை, கால்தான் வந்தது. அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் கால் வைத்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்புப் பிடித்தவர்கள் வருவார்கள், குப்புறப் படுப்பார்கள், நான் ஏறி மிதித்து இறங்குவேன். ஒரு தேங்காயோ ஒரு படி கம்போ கொடுத்துவிட்டுப் போவார்கள். ஐந்தாம் வகுப்பில் என்னைப் பெயில் போட்டுப் படிப்பை முடித்து வைத்த வாத்தியார்கூட ஒரு தடவை வந்து படுத்தார். அவருக்குக் கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன்.

“அம்மிணி, என்ன மலங்க மலங்கப் பாத்துக்கிட்டு நிக்கற? நாங்க குப்புறத் திருப்பிப் போடறோம், ஏறி ஒரு மிதி மிதி,” என்றார் மாமியார்.

“வேண்டாங்க அத்தை.”

“ஏன், ஊரான் முதுகுன்னா மிதிப்ப, கட்டுனவன் முதுகு ஆவாதா?”

நான் இயல்பிலேயே பயந்தவள். பால் பொங்கி வழிந்தால்கூட இது எதற்கோ அறிகுறி என்று அன்றைக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு கட்டுவேன். என் பயத்தைக் கேலி பேசாதவர்கள் வீட்டில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பயம்தான் என் காலைப் பிடித்து நிறுத்தியது. என்னிடம் சுளுக்கு என்று வந்தவர்கள் அத்தனை பேரும் கோணிக்கொண்டாவது நடந்துதான் வந்தார்கள். தொட்டால் கத்தினார்கள். இவர் கத்தவில்லை.

காலடியில் உட்கார்ந்து இரண்டு கால் பெருவிரல்களையும் நகம் பதியக் கிள்ளினேன்.

“ஏனுங்க, கால் வெரலைக் கிள்ளறனே, தெரியுதுங்களா?”

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, “கிள்ளு பாக்கலாம்,” என்றார்.

என் நகம் அப்போதே அவர் விரலில் பதிந்துதான் இருந்தது. முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஓர் எருமைக்கன்று விழுந்தது. உயிரோடுதான் இருந்தது. அவசரத்தில் கயிற்றை எப்படியோ கட்டி, முறுக்கி இழுத்து மேலே போட்டார்கள். அதற்குப் பிறகு அதன் பின்னங்கால்கள் எழவே இல்லை. கிணற்றுக்குள் அந்தக் கால்கள் தண்ணீரை உதைத்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். விழுந்ததில் கெட்டது எவ்வளவு, தூக்கியதில் கெட்டது எவ்வளவு என்று அப்போதிருந்தே எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் குனிந்து, என் வீட்டுக்காரரின் அக்குளில் கையைக் கொடுத்தார்.

“மாமா, கையை எடுங்க.”

“உக்கார வெச்சுப் பாக்கலாம் புள்ள.”

“உக்காரவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். மீறித் தொட்டீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

அவரிடம் அதுவரை நான் நிமிர்ந்து பேசியதில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். பயந்தா, திகைத்தா என்று தெரியாது. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். எப்படித் தூக்குவது? கட்டில் கயிற்றுக்கட்டில், நடுவில் தொய்ந்திருக்கும். முதுகு வளைந்துவிடும். வாசல் கதவைக் கழற்றச் சொன்னேன். அங்கேதான் மாமியார் அழத் தொடங்கினார்.

“உசுரோட இருக்கறவனைக் கதவுல போட்டுத் தூக்கறதா? பாடை கட்டற மாதிரியில்ல இருக்குது. இந்த ஊட்டுக்கு என்ன கேடு கொண்டாந்த நீ?”

“பாடையில போறவங்க திரும்பி வர மாட்டாங்க. இவர் வருவார். கதவைப் புடிங்க.”

எதிர்வீட்டு அக்கா, மிதி என்று சொன்ன மூன்று பேரில் ஒருத்தி, முதலில் வந்து கதவைப் பிடித்தவளும் அவள்தான். “இவ கிறுக்குப் புடிச்ச பிராந்துக்காரி, ஆனா சொன்னதையே சொல்லறா. செஞ்சு பாப்பம்,” என்றாள். கதவைப் பக்கத்தில் வைத்து, தலை ஒருவர், தோள் ஒருவர், இடுப்பு ஒருவர், கால் ஒருவர் என்று பிடித்து, உடம்பு திரும்பாமல் ஒட்டுக்கா, ஒரே பலகையாட்டம், தூக்கி வைத்தோம். தலை அசையாமல் இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்தேன். நெஞ்சையும் தொடையையும் முழங்காலையும் பழஞ்சேலை கிழித்துக் கதவோடு கட்டினேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போகிற லாரியை ரோட்டில் மறித்தோம். டிரைவர் நல்ல மனுஷர். மூட்டைகளைச் சமமாக்கச் சொன்னேன், முனகிக்கொண்டே செய்தார். அவற்றின் மேல் கதவை வைத்து, நாங்கள் நால்வரும் கூடவே ஏறினோம். மெதுவாகப் போகச் சொன்னேன்.

“ஏம்மா, கட்ட வண்டியை விட மெதுவாப் போனா மண்டிக்காரன் என்னைத்தான் மிதிப்பான்.”

“பள்ளத்துல மட்டும் மெதுவாப் போங்க சாமி.”

“இந்த ரோட்டுல பள்ளம் இல்லாத எடம் எங்கம்மா இருக்குது?”

ஆனாலும் மெதுவாகத்தான் போனார்.

வழியில் எனக்கு இன்னொரு பயம் வந்தது. விழுந்தது காலையில், இப்போது உச்சி வெயில். இதுவரை அவர் சிறுநீர் போகவே இல்லை. அடிவயிற்றில் கை வைத்தால் கல்லாட்டம் இருந்தது. “ஒண்ணுக்கு வருதுங்களா?” என்று கேட்டேன். வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை என்றார். மாமியார் என் தொடையில் கிள்ளினார். கூட அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், லோடுமேன் உட்கார்ந்திருக்கிறார், அவர்கள் முன்னால் கேட்கிற கேள்வியா என்று. கிள்ளட்டும். என் கால் வலித்தது. அவருக்கு அந்த வலி தெரியவில்லையே என்பதுதான் எனக்கு விஷயம்.

ஆஸ்பத்திரியில் வாசலில் நின்ற ஆள், எலும்பு டாக்டர் பார்த்துவிட்டுக் கிளம்பப் போகிறார், நாளைக் காலை வாங்க, அதுவரை பெஞ்சில் உட்கார வையுங்கள் என்றார்.

“உக்கார வெக்க முடியாதுங்க.”

“எல்லாருக்கும் அவசரந்தாம்மா.”

அப்போதுதான் நான் வெட்கத்தை முழுக்க விட்டேன். அந்தத் தாழ்வாரத்தில் இருந்த ஆண், பெண் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “இவருக்குக் காலையில முதுகுல அடிபட்டுதுங்க. ரெண்டு காலும் மரத்துக் கெடக்குது. காலையிலிருந்து ஒண்ணுக்குப் போவல,” என்றேன். யாரோ சிரித்தார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. விழுந்த கதை, உளுத்த சட்டம், எங்கள் ஏழ்மை, எதையும் சேர்க்கவில்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது, புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த டாக்டரே நின்றுவிட்டார்.

கதவிலிருந்து இறக்காமலே பார்த்தார். குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். எங்கே தெரிகிறது என்று சொல்லச் சொன்னார். முதலில் ஒரு குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “யாராவது உருவி விட்டாங்களா? மிதிச்சாங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. நாந்தான் மிதிக்கறவ. மிதிக்கல.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டு அக்கா விளக்கப் போனாள், நான் அவள் கையைப் பிடித்து அடக்கினேன்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது. உள்ளே போகிற நரம்பு அழுந்தியிருக்கிறது, அறுந்த மாதிரி தெரியவில்லை. நடப்பாரா என்று இப்போது சொல்ல மாட்டேன். ‘நடக்க மாட்டார்’ என்று அவர் சொல்லவில்லை அல்லவா, அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மல்லாக்க, அசையாமல், மாதக்கணக்கில் கிடந்தார். புரட்டுவதென்றால் அன்றைக்குக் கதவில் வைத்த மாதிரியே ஒட்டுக்காப் புரட்ட வேண்டும். ஒரு காலைப்பொழுதில் இடது கால் விரல் ஆடியது. பிறகு நெஞ்சிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. அதற்குப் பிறகு தோலும் இரும்புப் பட்டையும் வைத்த பெல்ட். தை கழிந்து, வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, தன் காலிலேயே வீட்டுக்குள் நுழைந்தார்.

ஊர் என்ன சொன்னது என்றால், மாமியாரின் வேண்டுதல் பலித்தது என்றது. பலித்ததாகவே இருக்கட்டும். சாமி கொடுத்த காலை வைத்துக்கொண்டு புருஷனுக்கு மிதிக்காதவள் என்றும் என்னைச் சொன்னது. அதற்குப் பிறகு நான் யார் முதுகிலும் ஏறவில்லை. படுக்க வந்தவர்களிடம், விழுந்தீர்களா, கால் மரக்கிறதா, ஒண்ணுக்குப் போனீர்களா என்று கேட்டேன். ஆமாம், போகவில்லை என்றவர்களை அசைக்காமல் சேலத்துக்கு அனுப்பினேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

அந்த பெல்ட்டுக்குப் பணம் கொடுத்தவர் அண்ணன்தான். நூற்றிருபது ரூபாய். அடுத்த வருஷம் பாகம் பிரிந்தபோது அதைத் திருப்பிக் கேட்டார். “அன்னிக்கே ஒரு மிதி மிதிச்சிருந்தா இந்தச் செலவே இல்ல,” என்றார். நான் ஒரே தடவையாகக் கட்டியிருக்கலாம், என் தாலிச் சரடில் பொன் இருந்தது. கட்டவில்லை. மாதம் ஐந்து ரூபாய், அதுவும் யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன், உங்கள் தம்பியே நடந்து வந்து கையில் கொடுப்பார் என்றேன். அண்ணன் வீடு தெருக்கோடியில். முதல் தேதிதோறும் இவர் வெள்ளை வேட்டி கட்டி, காலை இழுத்து இழுத்து, ஊர் பார்க்க அங்கே நடந்து போனார். நான் வாசலில் நின்று பார்ப்பேன். பதினேழு மாதத்துக்குப் பிறகு அண்ணன், “போதும், இனி வராதே,” என்று கதவைச் சாத்திக்கொண்டார். இவர் அடுத்த மாதமும் போனார், அவர் வாங்கவில்லை. நான் தள்ளுபடி கேட்கவும் இல்லை, அவர் செய்ததாகச் சொல்லவும் இல்லை. முப்பத்தைந்து ரூபாய் இன்னும் பாக்கி.