பாவோடு காய்ந்த அத்தை

மருந்துக் கடையில் யாரோ மீன் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார்கள். அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியதுமே ஆட்டையாம்பட்டியில் எங்கள் தறி வீட்டு உள்ளறைக்குப் போய்விட்டேன். அங்கே அப்பாவின் தங்கை சுவரைப் பிடித்து நடக்கிறாள். வாத்துப் போல, சாய்ந்து சாய்ந்து.

பள்ளிபாளையத்தில் புகுந்த வீட்டு இருட்டறையில் ராட்டை சுற்றியே கிடந்தவள். இடுப்பும் தொடையும் நொந்து எழ முடியாமல் போனதும், "நடக்கறாப்பல ஆனா அனுப்புங்க" என்று மாமியார் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஆகாவிட்டால் மாமாவுக்கு வேறு பெண்.

சேலத்து டாக்டர் சொன்னார்: "எலும்புல சேர வேண்டிய உப்பு ஒண்ணுக்குல போயிடுதும்மா. அதைக் கிட்னி புடிச்சு வெக்க ஒரு சத்து வேணும். மீன் எண்ணெயில இருக்கு. வெயில்ல நின்னா தோலே உண்டாக்கிக்கும்."

அத்தை எண்ணெயை மூக்கைப் பொத்தி விழுங்கினாள். ஆனால் மனதில் நின்றது முதல் வாக்கியம்தான். எதையாவது குடித்தால்தானே ஒண்ணுக்குப் போகும்? தன் மோரையெல்லாம் எனக்கே ஊற்றினாள். என்மேல் இத்தனை ஆசை யாருக்கும் இல்லை என்று சொம்பு சொம்பாகக் குடித்தேன். உதடு வெடித்து அவள் மயங்கி விழுந்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

"ஏனம்மணி, தாகத்துல செத்துப்போயி எலும்பை மட்டும் பள்ளிபாளையம் அனுப்பறதா?"

வெயிலுக்கு மட்டும் வர மறுத்தாள். வாழாவெட்டியின் நடையைத் தெரு பார்க்குமே. ஒரு காலை, தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவியதும், அம்மா உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அம்மணி, ஒரு ஆள் கொறையுது! நூலு ஒட்டிக்கும், ஓடியாங்க!"

ஒட்டிக்கொண்டால் பாவே வீண். அத்தை வந்துவிட்டாள். சுவரில்லாத தெருவில் பாவுக் கழியைப் பிடித்து நின்றாள். இழைகள் காய, அவளும் காய்ந்தாள்.

"வாத்து தெருவுக்கு வந்துருச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"முட்டை வெச்சா மொதல்ல உங்களுக்குத்தானுங்க" என்றாள் அத்தை.

தெரு சிரித்தது. மறுநாளிலிருந்து கூப்பிடாமலே வந்தாள். மோரையும் தானே குடித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் மாமா கூண்டு வண்டி கட்டி வந்தார். அத்தை சுவரைத் தொடாமல் வாசலைத் தாண்டினாள். மோர்க் கோபத்தில் நான் கதவோரமே நின்றேன். வண்டிக்குள் வைக்கோல் மேல் பாய் விரித்திருந்தது, நிழல் குளிர்ந்து கிடந்தது. அதைப் பார்த்தும் அவள் ஏறவில்லை. இத்தனை நல்ல நிழலை ஒருத்தி ஏன் வேண்டாமென்பாள்?

"ஏனுங்க, அந்தக் கூண்டைக் கழட்டி வெச்சிருங்க. நான் வெயில்லயே வாரேன்."